மூன்று பேருக்கு இரண்டு சீட்

இன்று காலை ஜங்ஷன் ரோட்டில் ஒரு குஷன் கடையைத் தாண்டும்போது, ரெக்சின் ஒட்டுகிற சொலூஷன் வாசனை குப்பென்று வந்தது. உடனே உன் நினைவு வந்தது என்று எழுதினால் நன்றாக இருக்கும். ஆனால் உன்னிடம் இனிமேல் பொய் சொல்லி எனக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. முதலில் வந்தது நசீர் பாய் நினைவு. அதற்குப் பிறகு வயிற்றெரிச்சல். அதற்கும் பிறகுதான் நீ வந்தாய். நீ இருந்தபோதும் கடைசி நாலு வருஷம் இந்த வரிசையில்தான் வந்துகொண்டிருந்தாய்.

நீ போய் ஐந்து மாதம் ஆகிறது. போனவனுக்கு எழுதுகிறவன் நல்ல வார்த்தையாக நாலு எழுத வேண்டும். நீ நல்லவன் என்பதைக் காரியத்துக்கு வந்த எல்லோரும் சொல்லிவிட்டார்கள். நானும் பக்கத்தில் நின்று தலையாட்டினேன். நான் எழுத உட்கார்ந்தது உன் பழைய பிக்கப்பில் கார் சீட் மாட்டிய விஷயத்தைப் பற்றி. அதில் எனக்கு ஒரு பங்கு உண்டு. அதை நீ உயிரோடு இருந்தவரை உன்னிடம் நான் சொன்னதில்லை.

அந்த வண்டியை நீ வாங்கியபோதே அது கிழம். இடது கதவைச் சாத்த இரண்டு தடவை அறைய வேண்டும். முன்னால் கதவிலிருந்து கதவு வரைக்கும் ஒரே நீளச் சீட். நம் விருத்தாசலம் செராமிக் எஸ்டேட்டில் பொம்மை, பியூஸ் கட்டை, ஊறுகாய் ஜாடி என்று எது இருக்கிறதோ அதை வைக்கோல் வைத்து அடுக்கிக்கொண்டு நீ ஓட்டுவாய், நான் ஜன்னல் ஓரம். உண்மையில் சரக்கோடு போவது என் வேலையே இல்லை. நான் பீங்கான் பொம்மைக்கு அச்சு எடுக்கிறவன். இறக்கும் இடத்தில் உடைசல் பார்க்கக் கம்பெனி ஆள் ஒருவர் கூடப் போனால் நல்லது என்று முதலாளியிடம் பேசிப் பேசி, அந்த வேலையை நானே எனக்கு உண்டாக்கிக்கொண்டேன். உனக்கு அது தெரியும். தெரிந்தும் கேட்டதில்லை.

கடலூருக்கு ஒரு நடை, விழுப்புரத்துக்கு ஒரு நடை, பாண்டிக்கு மாதத்தில் இரண்டு நடை. மந்தாரக்குப்பம் வரும்வரை உன் பெரிய மச்சானைத் திட்டுவாய். அங்கே டீ குடித்தபிறகு சின்ன மச்சானைத் திட்டுவாய். நான் ம் கொட்டுவேன். அந்த இரண்டு மணி நேரம் உனக்கு என்னைவிட்டால் வேறு காது கிடையாது. ஒன்பதாம் வகுப்பில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்ததிலிருந்து அப்படித்தான். எனக்குக் கல்யாணம் ஆனது, உனக்கும் ஆனது, அந்தச் சீட்டில் மட்டும் எதுவும் மாறவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அப்புறம் நசீர் பாய் வந்தார். குவைத்தில் பதினோரு வருஷம் கார் சீட் தைத்துவிட்டு ஊருக்கே திரும்பி வந்து கடை போட்டிருந்தார். நம் சீட்டில் ரெக்சின் கிழிந்து ஸ்பிரிங் குத்தியதால் நீ அவரிடம் போனாய். தைத்து முடிப்பதற்குள் இரண்டு பேரும் இரண்டு டீ குடித்திருக்கிறீர்கள். என்னோடு நீ சிநேகமாவதற்கு ஒரு முழு அரையாண்டுப் பரீட்சை தேவைப்பட்டது. அவருக்கு இரண்டு டீ போதுமானதாக இருந்தது.

அடுத்த பாண்டி நடைக்கு அவர் கடைவாசலில் வண்டியை நிறுத்தினாய். "பாயும் வராரு மாப்ள, பாண்டியில சீட்டுக்குப் போமு வாங்கணுமாம். கொஞ்சம் நவுந்து குந்து," என்றாய். நகர்ந்தேன். நடு இடத்தில் உட்கார்ந்தால் இரண்டு முழங்காலுக்கும் நடுவில் கியர் கம்பி வரும். நீ மூன்றாவது கியர் போடும்போதெல்லாம் என் தொடையில் இடிக்கும். ஜன்னல் காற்று பாய்க்குப் போனது. அவர் குவைத் வெயிலைப் பற்றி, அரபி முதலாளியின் பூனையைப் பற்றியெல்லாம் சொல்லச் சொல்ல நீ ஸ்டியரிங்கைத் தட்டிச் சிரித்தாய். அந்தச் சிரிப்பை அதற்கு முன் நான் பார்த்ததே இல்லை. என்னோடு இருபத்து மூன்று வருஷம் சிரித்ததெல்லாம் ஒப்புக்குச் சிரித்த சிரிப்புதானோ என்று தோன்றிவிட்டது.

பாய் மேல் குற்றம் சொல்ல எனக்கு ஒன்றுமே கிடைக்கவில்லை, அதுதான் கொடுமை. வரும்போதெல்லாம் பேரீச்சம்பழம் கொண்டுவருவார். முதலில் எனக்குத்தான் நீட்டுவார். பழம் நன்றாகவும் இருக்கும்.

உன் இடுப்பு வலி அந்த மழைக்காலத்தில் முற்றியது. ஒருநாள் எஸ்டேட் வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு இறங்க முடியாமல் கதவைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாய். நான் ஓடிவந்து தோள் கொடுப்பதற்குள் பாய் வைத்தியத்தையே சொல்லிவிட்டார். "இந்தப் பலகையில குந்தி ஓட்டுனா இடுப்பு என்னாத்துக்கு ஆவும்? கார் சீட்டு ரெண்டு போட்டுடுவோம். முதுக நல்லா தாங்கும். பாண்டியில பழைய கார பிரிச்சுப் போடற எடத்துல எனக்குத் தெரிஞ்ச ஆளு இருக்காரு."

உன் முகம் மலர்ந்துவிட்டது. "ரெண்டு சீட்டும் தனித்தனியா, ராஜா கணக்கா போவலாம் மாப்ள," என்றாய் என்னைப் பார்த்து.

ரெண்டு. நான் அங்கேயே எண்ணிப் பார்த்தேன். நீ, பாய், நான். அந்த இடத்திலேயே "அப்ப நான் எங்கடா குந்தறது?" என்று கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. கேட்டு வாங்கினால் அது என்ன இடம் என்று ஒரு திமிர். நீயாகச் சொல்லுவாய் என்று அன்றைக்கும் அடுத்த நாளும் காத்திருந்தேன். நீ சொன்னதெல்லாம் சீட்டுக்கு ரெக்சின் மெரூனா கறுப்பா என்றுதான். அதையும் பாயிடம் கேட்டாய்.

சீட் இரண்டும் வந்தன. சாம்பல் நிறத் துணி, தலை சாய்க்க மேலே ஒரு திண்டு, அடியில் முன்னும் பின்னும் நகரத் தண்டவாளம். உட்கார்ந்து பார்த்தேன். அமுங்கி, பிறகு மெதுவாகத் தாங்கியது. இந்தச் சுகம் யாருக்கு என்று யோசித்ததில் எனக்கு அது முள்ளாகக் குத்தியது.

காரின் தரை வேறு, பிக்கப்பின் தரை வேறு. அதனால் சீட்டை நேராகத் தரையில் மாட்ட முடியாது, இரும்பு ஆங்கிளில் ஒரு ஃபிரேம் செய்து அதன்மேல்தான் உட்கார வைக்க வேண்டும் என்றார் பாய். அன்று ஞாயிற்றுக்கிழமை. எஸ்டேட் வாசலில் வைத்துப் பழைய சீட்டைக் கழற்றினோம். அடியில் பேட்டரி, ஜாக்கி, எப்போதோ தொலைந்த உன் மனைவியின் வெள்ளைக் கைக்குட்டை எல்லாம் இருந்தன. பழைய இரும்பு எடுக்கிறவர் சைக்கிளில் அந்தப் பக்கம் வர, சீட்டை அப்போதே அவரிடம் தூக்கிப் போட்டுவிட்டாய். பாய் தன் டேப்பைக் கடையிலேயே விட்டுவிட்டு வந்திருந்தார். "உன் ரூமுல ஸ்கேலு இருக்குதுல்ல மாப்ள, எடுத்தா," என்றாய்.

என் அச்சு ரூம் சுவரில் இரண்டு ஸ்கேல் தொங்கும். ஒன்று எல்லோரிடமும் இருப்பது. இன்னொன்று நானே அலுமினியப் பட்டையில் கோடு கிழித்துச் செய்தது. களிமண் காய்ந்து சூளையில் வெந்து வரும்போது சுருங்கிவிடும். பத்து அங்குலப் பொம்மை வேண்டுமானால் பதினொன்றேகால் அங்குலத்துக்கு அச்சு எடுக்க வேண்டும். ஒவ்வொரு தடவையும் மனக்கணக்குப் போடாமலிருக்க, அங்குலத்தையே அந்த அளவுக்குப் பெரிதாகப் போட்ட ஸ்கேல் அது. யாரும் தவறி எடுத்துவிடக் கூடாது என்று இரண்டு முனையிலும் சிவப்பு பெயின்ட் அடித்தவனும் நான்தான்.

நான் அதை எடுத்துக்கொண்டு வந்தேன். தவறி எடுத்தேன் என்று எனக்கு நானே வெகுநாள் சொல்லிப் பார்த்தேன், ஒட்டவில்லை. சுவருக்கு முன்னால் நின்று இரண்டையும் பார்த்துவிட்டுத்தான் எடுத்தேன். வண்டிக்குள் குனிந்து அளக்கும்போது சிவப்பு தெரியாமல் முனையை உள்ளங்கையால் மூடிக்கொண்டேன். ஐம்பத்து நாலு அங்குல அகலம் நாற்பத்தெட்டாக வந்தது. "நாப்பத்தெட்டு," என்று சத்தமாகச் சொன்னேன். நீ பின்னால் நின்று ஓர் அட்டைத் துண்டில் எழுதிக்கொண்டாய். ஃபிரேம் பொருந்தாது, இது சரிப்படாது என்று நீயே கைவிட்டுவிடுவாய், மறுபடி ஒரு நீளச் சீட் வரும், நான் அதில் இருப்பேன். என் புத்தி அவ்வளவுதான் ஓடியது.

மறுநாள் ஃபிரேமை வண்டிக்குள் வைத்தால், ஒரு பக்கம் ஒட்டினால் மறுபக்கம் ஒரு கை போகிற இடைவெளி. தரையில் இருந்த ஓட்டைக்கும் ஃபிரேமில் போட்ட ஓட்டைக்கும் சம்பந்தமே இல்லை. பாய் முகம் செத்துப்போயிற்று. "என் தப்புதான். நானே டேப்ப எடுத்தாந்து அளந்திருக்கணும்," என்று திரும்பத் திரும்பச் சொன்னார். நான் வாயைத் திறக்கவில்லை. நீ ஃபிரேமைச் சுற்றி வந்து ஜாண் வைத்துப் பார்த்துவிட்டு, "சூளையில வச்சு எடுத்த மாதிரி சுருங்கிப்போச்சே," என்று சிரித்தாய். நானும் சிரித்தேன்.

ஃபிரேமை அறுத்து நீட்டிச் சரிசெய்ய ஒரு வாரம் ஆகும் என்றார்கள். வெல்டிங் கடையில் கூட்டம். பழைய சீட்டோ பழைய இரும்போடு போய்விட்டது. சரக்கு காத்திருக்குமா? குறுக்கே ஒரு பலகையைப் போட்டு, அதன்மேல் சாக்கில் வைக்கோலைத் திணித்து, நீ அந்த வாரம் முழுக்க அதில் உட்கார்ந்து ஓட்டினாய். பாய் வெல்டிங் கடையே கதி என்று கிடந்ததால் அவர் வரவில்லை. நானும் நீயும் மட்டும்.

இதை எழுதக் கூசுகிறது, ஆனாலும் எழுதுகிறேன். என் வாழ்க்கையில் நான் ரொம்பச் சந்தோஷமாக இருந்த வாரங்களில் அது ஒன்று. பெண்ணாடம் போன நாள் உனக்கு ஞாபகம் இருக்கும். கரும்பு டிராக்டர்கள் வரிசையாக மில்லை நோக்கி நிற்க, நாம் பின்னால் ஊர்ந்துகொண்டிருந்தோம். பள்ளத்தில் ஒவ்வொரு தடவை இறங்கும்போதும் நீ பல்லைக் கடித்தாய். நெற்றியில் வியர்வை. நான் ஜன்னல் ஓரம் காற்று வாங்கிக்கொண்டு உன் மச்சான் கதைக்கு ம் கொட்டிக்கொண்டிருந்தேன். திடீரென்று கதையை நிறுத்திவிட்டு, "என்னா மாப்ள, ஏதாச்சும் சொல்லணுமா?" என்று கேட்டாய்.

"பசிக்குது," என்றேன்.

நீ ஒரு நிமிஷம் ரோட்டைப் பார்த்தாய். பிறகு வண்டியை ஓரங்கட்டி எனக்குப் பரோட்டா வாங்கித் தந்தாய். உட்கார்ந்து எழுந்தால் வலிக்கும் என்று நீ நின்றுகொண்டே சாப்பிட்டாய்.

அடுத்த வாரம் சீட் மாட்டியாயிற்று. முதலில் உயரம் அதிகமாகி உன் தலை கூரையில் தட்டியது. பாய் ஃபிரேமின் காலை அறுத்துக் குறைத்து மறுபடி மாட்டினார். மெரூன் ரெக்சினில் புதிதாகத் தைத்து, பொண்ணு மாப்பிள்ளை மாதிரி இரண்டும் ஜோடியாக இருந்தன. முதல் நடை ஸ்ரீமுஷ்ணத்துக்கு. நீ ஏறி உட்கார்ந்து இஞ்சினைப் போட்டாய். இடது கதவுக்கு வெளியே நானும் பாயும். நீ எங்களைப் பார்க்காமல் நேரே முன்னால் பார்த்துக்கொண்டிருந்தாய்.

பாய் கதவைத் திறந்துவிட்டு, "நீங்க ஏறுங்கண்ணே," என்றார்.

அவர் சொல்லி நான் ஏறுவதா? நீ அல்லவா சொல்ல வேண்டும். "இல்ல பாய், நீங்க குந்துங்க. எனக்குப் பின்னாலதான் வசதி, பொம்மய பாத்துக்கணும்," என்று சொல்லிவிட்டு, டயரில் கால் வைத்துப் பின்னால் ஏறிவிட்டேன். நீ ஹாரன்கூட அடிக்காமல் வண்டியை எடுத்தாய். அன்றையிலிருந்து அது என் இடமாகிவிட்டது. யாரும் என்னைத் தள்ளவில்லை என்று இப்போது தெரிகிறது. அப்போது தள்ளிவிட்டதாகவே நினைத்தேன், நினைக்க வசதியாகவும் இருந்தது.

நாலு வருஷம் வைக்கோலில் சாய்ந்துகொண்டு உங்கள் முதுகுக்குப் பின்னால் இருந்த சின்னக் கண்ணாடி ஜன்னல் வழியாக உங்கள் இரண்டு பேரையும் பார்த்தேன். பழைய சீட்டாக இருந்தால் கழுத்தாவது தெரிந்திருக்கும். கார் சீட்டின் திண்டு மறைத்தது. பாய் பக்கத்துத் தலை உன் பக்கம் சாயும், உன் தோள் குலுங்கும், நீ சிரிக்கிறாய் என்று அதை வைத்துத் தெரிந்துகொள்வேன். எதற்குச் சிரிக்கிறாய் என்று தெரியாது. மழை வந்தால் தார்ப்பாயை மேலே இழுத்துக்கொள்வேன். நீ வண்டியை நிறுத்தி, "முன்னாடி வா மாப்ள, நெருக்கிக்கலாம்," என்று இரண்டு மூன்று தடவை கூப்பிட்டிருக்கிறாய். சரக்கு நனையும் என்று பதில் சொன்னேன். பீங்கான் நனைந்தால் என்ன ஆகும்? நீ அதையும் கேட்டதில்லை. உன் இடுப்பு வலி மட்டும் மெல்ல மெல்லக் குறைந்தது. அதற்கும் நான் சந்தோஷப்பட்டேன் என்று சொல்லத்தான் ஆசை.

தை மாதத்தில் ஒருநாள் காலையில் டீக்கடை பெஞ்சில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தாய். ஆஸ்பத்திரி போய்ச் சேருவதற்குள் முடிந்துவிட்டது. அப்போதும் பக்கத்தில் இருந்தது பாய்தான். செய்தி வந்ததும் நான் முதலில் கேட்டது, "கூட யாரு இருந்தா?" என்பது. என் மனைவி என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.

காரியம் முடிந்ததும், நான் தங்கச்சி என்று கூப்பிடும் உன் மனைவி வண்டியை விற்றுவிடச் சொன்னாள். ஸ்ரீமுஷ்ணத்தில் காய்கறி வியாபாரி ஒருவர் எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். கொண்டுபோய் விட நானும் பாயும் கிளம்பினோம். எனக்கு ஓட்டத் தெரியாது, அவர் ஓட்டினார். வேறு வழியில்லாமல் இடது பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்தேன். உட்கார வேண்டும் என்று நாலு வருஷம் மனசு அடித்துக்கொண்ட சீட். சொகுசாகத்தான் இருந்தது. உன் இடத்தில் பாய் இருந்தார், அதனால் அந்தச் சொகுசால் ஒரு பிரயோசனமும் இல்லை.

கொஞ்ச தூரம் போனதும் பாய் தொண்டையைச் செருமினார். "அண்ணே, ஒண்ணு சொல்லணும். கோச்சுக்கக் கூடாது."

"சொல்லுங்க பாய்."

"அந்த ஃபிரேமு அளவு என் தப்பு இல்லன்னு அவரு அப்பவே சொல்லிட்டாரு."

பாய் ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் பேசினார். "'ஸ்கேலு முனையில சேப்பு பெயின்ட்ட கையால மூடிக்கிட்டு அளந்தான் பாய், நான் பின்னாடி நின்னு பாத்துகிட்டுத்தான் இருந்தேன்'னாரு. 'அப்பறம் ஏன் உட்டீங்க'ன்னு நான் கேட்டேன். 'அவனே சொல்லுவான்னு ஒரு வாரம் பாத்தேன், வாயத் தொறக்கல'ன்னாரு."

"எதுக்கு அப்படி செஞ்சேன்னு கேட்டாரா?"

"கேக்க என்னா இருக்குது? அதுவும் அவருக்குத் தெரியும். 'எனக்கும் எடம் வேணும்டான்னு ஒரு வார்த்த கேட்டிருந்தான்னா, மூணு பேருக்கும் சேத்து பலகையே போட்டிருப்பேன் பாய், இடுப்பு போனா போவுது'ன்னாரு."

"எப்ப சொன்னாரு?"

"சீட்டு மாட்டி மொத நடை போனமே, அன்னிக்கி. நீங்க பின்னாடி இருந்தீங்க."

அதாவது, கண்ணாடிக்குப் பின்னால் ஒரு முழ தூரத்தில் நான் இருக்க, நீ அவரிடம் இதைச் சொல்லியிருக்கிறாய். "நீங்களாச்சும் எங்கிட்ட சொல்லியிருக்கலாமே பாய்," என்றேன். குரல் எனக்கே பிடிக்கவில்லை.

பாய் கியரை மாற்றினார். "சொல்லியிருக்கலாம். எனக்கும் அந்த எடம் புடிச்சிப்போச்சுண்ணே," என்றார்.

வண்டியை விட்டுவிட்டு பஸ்ஸில் திரும்பினோம். மூன்று பேர் உட்காரும் சீட். ஜன்னல் ஓரத்தை நான் முந்திப் பிடித்துக்கொண்டேன். பாய் நடுவில் உட்கார்ந்தார், கத்திரிக்காய் மூட்டையோடு ஒருவர் வந்து ஓரத்தில் இடித்துக்கொண்டு உட்கார்ந்தார். விருத்தாசலம் வரும்வரை நான் பாயோடு பேசவில்லை. இப்போது பேசுகிறேன். போன வாரம்கூட என் மொபெட்டுக்குச் சீட் தைத்துத் தந்தார்.

நீ மன்னித்துவிட்டாய் என்று ஆறுதல்பட்டுக்கொள்ள எனக்குத் தெரியவில்லை. நீ என்னைத் திட்டியிருக்க வேண்டும். பெண்ணாடம் ரோட்டில் அந்த வைக்கோல் சாக்கில் உட்கார்ந்தபடியே, ஒன்பதாம் வகுப்பில் திட்டுவாயே அப்படி, வாய்க்கு வந்தபடி திட்டியிருக்க வேண்டும். எனக்கு வரவேண்டிய திட்டைக்கூட நீ பாயிடம் கொடுத்து வைத்திருந்தாய். அதுவும் அவருக்குக் கிடைத்ததே என்று நினைத்தால் இன்றைக்கும் எரிகிறது. உன்னை நினைத்து அழுகிறவர்கள் வரிசையில் தங்கச்சி, பிள்ளைகள், பாய் என்று எல்லோரும் இருக்கிறார்கள். இந்த எரிச்சல் எனக்கு மட்டும்தான் இருக்கிறது. அதை நான் இறக்கி வைப்பதாக இல்லை.

நீ போன இடத்தில் வண்டி உண்டா, சரக்கு உண்டா என்று எனக்குத் தெரியாது. பாய் போகிற சொர்க்கம் வேறு என்பார்கள். எனக்கு அந்த நம்பிக்கையும் இல்லை. வழியில் உன்னைப் பார்த்தால் எப்படியும் கை காட்டி ஏறிக்கொள்வார். ஏறட்டும். ஆனால் உன் பக்கத்தில் எனக்கு எடம் வேணும்டா. இந்தத் தடவை வாய் விட்டுக் கேட்டுவிட்டேன்.